கடனைத் திருத்துவதா, வாடகையை மட்டும் குறைப்பதா, கைமாற்றிவிடுவதா: அமெரிக்க உதவிபெறும் குடியிருப்புகளின் உரிமையாளர் முன்னுள்ள வழிகள்

அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய ‘செக்‌ஷன் 8’ ஏற்பாட்டின்கீழ் தனியார் கட்டிய வாடகைக் குடியிருப்புகள் பலவற்றின் கணக்கில் ஆரம்பத்திலேயே ஒரு பொருத்தமின்மை இருந்தது. கட்டடத்தின்மீது வாங்கிய அடமானக் கடனுக்குக் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகமான எஃப்எச்ஏ 40 ஆண்டு வரை காப்புறுதி தந்தது; அந்தக் கடனை அடைக்க ஆதாரமாக இருந்த வாடகை உதவி ஒப்பந்தமோ பெரும்பாலும் 20 ஆண்டுக்கே எழுதப்பட்டது. குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஒரு பங்கை, இன்றைய விதிப்படி 30 சதவீதத்தை, வாடகையாகக் கொடுப்பார். அதற்கும் ஒப்பந்த வாடகைக்கும் இடைப்பட்ட தொகையை வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, சுருக்கமாக ஹட், உரிமையாளருக்குத் தரும். ஒப்பந்த வாடகை ஆண்டுதோறும் உயர்த்தப்பட்டுக்கொண்டே வந்ததால், 1990களில் ஒப்பந்தங்கள் முடிவுக்கு வரத் தொடங்கியபோது பல கட்டடங்களில் அது அக்கம்பக்கத்துச் சந்தை வாடகையைத் தாண்டிப்போயிருந்தது.

அரசின் இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. உயர்ந்த வாடகையிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் மானியச் செலவு கட்டுக்கடங்காது. வாடகையைச் சந்தை அளவுக்கு வெட்டினால் உரிமையாளரால் கடன் தவணை கட்ட முடியாது. கடன் முறிந்தால் கடன் கொடுத்தவருக்கு ஈடு தரவேண்டியது எஃப்எச்ஏ, அந்த எஃப்எச்ஏவோ ஹட்டின் ஓர் அங்கம். ஒரு கையால் மிச்சம் பிடித்ததை மறு கையால் கொடுக்க நேரும் இந்த நிலையைத் தீர்க்கத்தான் 1997 அக்டோபர் 27 அன்று கையெழுத்தான பல்குடும்ப உதவிபெறும் வீட்டுவசதிச் சீர்திருத்தச் சட்டம் ‘மார்க் டு மார்க்கெட்’ என்ற திட்டத்தை உருவாக்கியது. வாடகையைச் சந்தை அளவுக்கு இறக்கி, இறங்கிய வாடகை தாங்கும் அளவுக்கு முதல் அடமானக் கடனையும் இறக்குவது அதன் சாரம்; இதையே மறுசீரமைப்பு என்கிறார்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள்: கடன் எவ்வளவு குறையும், உரிமையாளர் கையில் என்ன மிஞ்சும் என்று. என் கருத்தில் இது தலைகீழான வரிசை. எந்த வழி இலாபகரமானது என்பதற்கு முன், எந்த வழிகள் இந்த உரிமையாளருக்குத் திறந்திருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஏனெனில் சட்டம் கட்டடத்தின் தகுதியையும் உரிமையாளரின் தகுதியையும் தனித்தனியாக எடைபோடுகிறது.

கட்டடத்தின் தகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கட்டடத்தோடு பிணைந்த வாடகை உதவி ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்த வாடகை ஒப்பிடத்தக்க சந்தை வாடகையைவிட அதிகமாக இருக்க வேண்டும். அடமானக் கடன் எஃப்எச்ஏ காப்புறுதி பெற்றதாகவோ ஹட் கைவசம் இருப்பதாகவோ இருக்க வேண்டும். முதியோருக்கான 202ஆம் பிரிவுக் குடியிருப்புகள், கிராமப்புறத்துக்கான 515ஆம் பிரிவுக் கடனில் எழுந்தவை, மாநில அல்லது உள்ளூர் அரசு முதன்மையாக நிதி தந்து அந்த நிதி ஒப்பந்தத்தோடு மறுசீரமைப்பு முரண்படும் கட்டடங்கள் போன்றவை விலக்குப் பெற்றவை. அவற்றுக்கு வேறு புதுப்பிப்பு விதி உண்டு. ஒப்பந்த வாடகை சந்தையைவிடக் குறைவாக உள்ள கட்டடத்துக்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை. அதன் உரிமையாளர், ஹட் ஆய்வில் 100க்கு 60 மதிப்பெண்ணாவது பெற்று வேறு சில நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், வாடகையைச் சந்தை அளவுக்கு ஏற்றிக்கேட்கும் நல்ல நிலையில் இருக்கிறார்.

உரிமையாளரின் தகுதி அவ்வளவு எளிதாக முடிகிற விஷயமன்று. அவர் அரசோடு தொழில் செய்வதிலிருந்து தடைசெய்யப்பட்டவராகவோ இடைநிறுத்தப்பட்டவராகவோ இருக்கக் கூடாது என்பது முதல் படி. அதற்கு அடுத்த படியே ஆழமானது. சட்டத்தின் 516ஆம் பிரிவின்படி, நிதியிலோ நிர்வாகத்திலோ பாரதூரமான தீங்கு விளைக்கும் செயலைச் செய்தவரின், அல்லது செய்யவேண்டியதைச் செய்யாது விட்டவரின், மறுசீரமைப்புக் கோரிக்கை நிராகரிக்கப்படும். அச்செயல் இந்தக் கட்டடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்குச் சொந்தமான, கூட்டரசின் உதவியோ கடனோ காப்புறுதியோ பெற்ற வேறெந்தக் கட்டடத்தில் நடந்திருந்தாலும் கணக்கில் வரும். விதிமுறைகள் அவரோடு இணைந்த நிறுவனங்களின் நடத்தையையும் சேர்த்தே பார்க்கின்றன. ஒரு நகரத்தில் ஒழுங்காக நடத்தப்படும் கட்டடம், இன்னொரு மாநிலத்தில் அதே ஆளின் வேறொரு கூட்டு நிறுவனம் சிதையவிட்ட கட்டடத்தால் தகுதி இழக்கலாம் என்பது பல முதலீட்டாளர்கள் எதிர்பாராத ஒன்று.

எவையெல்லாம் பாரதூரமானவை என்பதைச் சட்டம் ஓரளவு விளக்கியிருக்கிறது. கூட்டரசு, மாநில அல்லது உள்ளூர்ச் சட்டத்தை மீறுவது, வாடகை உதவி ஒப்பந்தத்தை முறிப்பது, ஹட்டோடு செய்த ஒழுங்குமுறை உடன்படிக்கையை மீறுவது, குடியிருப்புத் தரத்துக்கு ஏற்பக் கட்டடத்தைப் பராமரிக்கத் தவறுவது ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கு ஒரு பாதுகாப்பு வளையமும் உண்டு: உரிமையாளருக்கு முறையாக அறிவிப்புத் தந்து, குறையைச் சரிசெய்ய வாய்ப்பும் தந்த பிறகும் அது தொடர்ந்திருந்தால்தான் பொதுவாக அது அவர்மேல் நிற்கும். எனவே ஒருமுறை குறைந்த மதிப்பெண் பெற்றதைவிட, அதைப் பற்றி வந்த கடிதத்துக்குப் பதிலே எழுதாமல் விட்டதுதான் அதிக ஆபத்து. கூரை ஒழுகியதும் அதற்கு வந்த அறிவிப்பும் நான்கு மாதத்தில் அதைச் செப்பனிட்ட ரசீதும் கோப்பில் இருக்கும் உரிமையாளர் தைரியமாகப் பேசலாம். அறிவிப்பு மட்டும் இருந்து ரசீது இல்லாதவர் யோசிக்க வேண்டும்.

தவணை தவறுவதைப் பற்றிய விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடன் தவணை தவறியது மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்குவதில்லை. கட்டடத்தை நடத்திப் பராமரிக்கப் போதுமான வருமானம் வந்துகொண்டிருந்தும் திரும்பத் திரும்பத் தவணை கட்டாமல் இருந்தாரா என்பதுதான் கேள்வி. வருமானமே போதாமல் தவறியவரையும், வருமானத்தைத் திசைதிருப்பிவிட்டுத் தவறியவரையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கிறது. முன்னவருக்காகத்தான் இந்தத் திட்டமே ஏற்பட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆகவே கடந்த ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் இந்த இடத்தில் வெறும் இணைப்பு ஆவணங்கள் அல்ல, அவையே சாட்சி.

நிராகரிப்பு அறிவிப்பு வந்தால் உரிமையாளர் 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். நிர்வாக மேல்முறையீடும் உண்டு. அதன்பின் வரும் இறுதி முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று சட்டமே சொல்லிவிடுகிறது. வழக்குப் போட்டுக் காலம் கடத்தும் உத்தி இங்கே பயன்படாது என்பதை அமெரிக்க நில வணிகத்தின் பழக்கத்தில் ஊறியவர்கள் சற்றுத் தாமதமாகவே புரிந்துகொள்கிறார்கள்.

மறுசீரமைப்பைக் கேட்காமல் ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பித்துக்கொண்டால் இந்தச் சோதனையிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. 524ஆம் பிரிவு, 516இல் சொன்ன அதே குற்றங்களைக் காரணம் காட்டிச் சாதாரணப் புதுப்பிப்பையும் மறுக்க ஹட்டுக்கு அதிகாரம் தருகிறது.

முழு மறுசீரமைப்பும் ‘லைட்’ வழியும்

தகுதி உள்ள உரிமையாளருக்கு முதலில் எழும் தெரிவு, கடனையும் சேர்த்துத் திருத்தும் முழு மறுசீரமைப்பா, வாடகையை மட்டும் சந்தை அளவுக்கு இறக்கிக் கடனைத் தொடாமல் விடும் வழியா என்பது. இரண்டாவதைத் துறையினர் ‘லைட்’ என்று குளிர்பானத்துக்கு வைப்பதுபோன்ற பெயரால் அழைக்கிறார்கள்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 100 வீடுகள், ஒப்பந்த வாடகை மாதம் 900 டாலர், சந்தை வாடகை 650 டாலர். ஆண்டு வாடகை வரவு 10,80,000 டாலரிலிருந்து 7,80,000 டாலராக இறங்கும். நடத்தும் செலவும் காலிவீட்டு இழப்பும் சேமநிதியும் சேர்ந்து 5,20,000 டாலர் என்று வைத்தால், கடனுக்கு முன் மிஞ்சுவது 5,60,000 டாலரிலிருந்து 2,60,000 டாலராகச் சுருங்கும். ஆண்டுத் தவணை 4,00,000 டாலர் என்றால் 1,40,000 டாலர் துண்டு விழுகிறது. இவருக்கு லைட் வழி ஒரு வழியே அன்று. அதே கட்டடத்தில் கடன் பெரும்பாலும் அடைபட்டு ஆண்டுத் தவணை 1,80,000 டாலராக இருந்தால், தவணையைப்போல் 1.44 மடங்கு வரவு வந்துகொண்டிருக்கும். அவர் கடனைத் திருத்தக் கேட்பதற்கு அநேகமாகக் காரணம் இல்லை.

முதலாமவர் முழு மறுசீரமைப்புக்குப் போனால் என்ன நடக்கும்? தவணையைப்போல் 1.2 மடங்கு வரவு இருக்கவேண்டும் என்று கொண்டால், அவர் கட்டடம் தாங்கக்கூடிய ஆண்டுத் தவணை ஏறத்தாழ 2,16,000 டாலர். வட்டியும் காலமும் மாறாதவை என்று எளிமைப்படுத்திக்கொண்டால் 40 லட்சம் டாலர் கடன் ஏறத்தாழ 21.6 லட்சமாகக் குறையும். வெட்டப்பட்ட 18.4 லட்சத்தை எஃப்எச்ஏ தன் காப்புறுதி நிதியிலிருந்து கடன் கொடுத்தவருக்குக் கொடுத்துத் தீர்க்க, அது ஹட்டின் பெயரில் இரண்டாம் அடமானமாக எழுதப்படுகிறது. அதன் வட்டி 1 சதவீதத்துக்குக் குறையாமலும், வருமானவரிக்காகக் கூட்டரசு அறிவிக்கும் வட்டி வீதத்துக்கு மிகாமலும் இருக்கும். மாதத் தவணை என்று ஒன்று கிடையாது. ஆண்டுக் கடைசியில் எல்லாச் செலவும் போக மிஞ்சுவதில் குறைந்தது 75 சதவீதம் அதற்குப் போக வேண்டும். கட்டடம் தரத்தோடு நடத்தப்பட்டால் மீதி 25 சதவீதம் வரை உரிமையாளர் வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் மிஞ்சும் 44,000 டாலரில் 33,000 ஹட்டுக்கும் 11,000 உரிமையாளருக்கும் என்று பிரியும்.

வெட்டிய தொகையைத் தள்ளுபடியே செய்துவிடாமல் ஏன் இப்படி இரண்டாம் அடமானமாக்க வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்க வருமானவரியில் தள்ளுபடியான கடன் பொதுவாக வருமானமாகக் கருதப்படும். இந்தக் கட்டடங்களில் முதலீடு செய்த கூட்டாளிகள் பல ஆண்டுகள் தேய்மானம் காட்டி வரி மிச்சம் பிடித்தவர்கள். கையில் காசு வராமலே பெரிய வரி அறிவிப்பு வந்திருந்தால் ஒருவர்கூட இந்தத் திட்டத்துக்குள் நுழைந்திருக்கமாட்டார். இரண்டாம் அடமானம் அந்த வரியைத் தள்ளிப்போடும் ஏற்பாடும்கூட. ஆனால் அது ஒருநாள் வரும்: முதல் அடமானம் முடியும்போதோ, ஹட்டின் ஒப்புதலின்றிச் சொத்து கைமாறும்போதோ.

இதற்கு உரிமையாளர் கொடுக்கும் விலை மூன்று வகைப்படும். ஒன்று பணம். மறுசீரமைப்போடு சேர்ந்து கட்டடம் பழுதுபார்க்கப்படும். அந்தச் செலவில் பொதுவாக 20 சதவீதத்தை, சட்டத்தின் உச்சவரம்பான 25 சதவீதம் வரை, உரிமையாளர் கட்டடத்தின் வரவிலிருந்து அல்லாமல் தம் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். 5 லட்சம் டாலர் வேலைக்கு 1 லட்சம் டாலர் என்பது ஆண்டுக்கு 11,000 டாலர் மிஞ்சப்போகிறவருக்குச் சிறிய தொகையன்று. இரண்டாவது, சுதந்திரம். குறைந்தது 30 ஆண்டுக்கான பயன்பாட்டு உடன்படிக்கை கட்டடத்தின்மீது பதிவாகும். அதன்படி வீடுகளில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் வட்டார இடைநிலை வருமானத்தில் பாதிக்கு மேற்படாதவர்களுக்கோ அல்லது 40 சதவீதம் அதில் 60 சதவீதத்துக்கு மேற்படாதவர்களுக்கோ, கட்டுப்படியாகும் வாடகையில் தொடர வேண்டும். ஹட் வாடகை உதவியைப் புதுப்பிக்க முன்வரும்போது அதை ஏற்கவும் வேண்டும். மூன்றாவது, அந்தரங்கம். ஹட்டின் சார்பில் திட்டத்தை வகுக்கும் ‘பங்கேற்பு நிர்வாக அமைப்பு’ கணக்குகளையும் கட்டடத்தையும் அலசும். குடியிருப்பவர்களைக் கூட்டி அவர்கள் சொல்வதையும் கேட்கும். ஒழுகும் குழாயைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த மூன்றாம் மாடிப் பாட்டி அங்கே பேசுவார் என்பதை உரிமையாளர் எதிர்பார்த்தே போக வேண்டும்.

லைட் வழியில் இந்த மூன்றும் இல்லை. 30 ஆண்டுக் கட்டும் இல்லை, இரண்டாம் அடமானமும் இல்லை. அதனால்தான் துண்டு விழும் என்று தெரிந்தும் சிலர் அதைத் தேர்ந்து, வரும் ஆண்டுகளில் வாடகை ஏறிவிடும் என்று நம்பிக் காத்திருக்க முயல்கிறார்கள். குறைந்த வாடகையில் கட்டடம் தாக்குப்பிடிக்காது என்று கருதினால் ஹட் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கும். பராமரிப்புக்கான பணத்தைத் தவணைக்குத் திருப்பி ஈராண்டு ஓட்டிய ஓர் உரிமையாளர், பிறகு முழு மறுசீரமைப்புக் கேட்டுத் திரும்பி வரும்போது, கட்டடம் சிதைந்த நிலையே அவருக்கு எதிரான சான்றாகிவிடுகிறது. சூதாட்டத்தில் பணயமாக வைப்பது பணத்தை மட்டுமன்று, தகுதியையும்தான். துண்டு விழுகிறவருக்கு லைட் வழியை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டேன்; தவணையைத் தாண்டி வசதியாக வரவு உள்ளவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

இடையில் ஒரு சிறு கதவும் இருக்கிறது. சந்தை வாடகையில் நடத்தும் செலவே கட்டுப்படியாகாத கட்டடம் அந்த வட்டாரத்துக்கு இன்றியமையாதது என்றால், ஹட் அறிவிக்கும் நியாய வாடகையில் 120 சதவீதம் வரை விதிவிலக்கு வாடகை அனுமதிக்கப்படலாம். இது ஒரு நிர்வாக அமைப்பின் பொறுப்பில் மறுசீரமைக்கப்படும் வீடுகளில் 20 சதவீதத்துக்கே பொதுவாக உரியது. இதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

விலகுவதும் விற்பதும்

ஒப்பந்தத்தை முடியவிட்டு விலகுவது சோதனையில்லாத ஒரே வழி. முடிவதற்கு ஓராண்டு முன்பே குடியிருப்பவர்களுக்கும் ஹட்டுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால், அறிவிப்புத் தந்து ஓராண்டு கழியும்வரை குடியிருப்பவர்களை வெளியேற்றவோ அவர்கள் பங்கு வாடகையை ஏற்றவோ முடியாது. விலகிய பின் குடியிருப்பவர்களுக்கு ‘மேம்பட்ட வவுச்சர்’ என்ற வாடகை உதவிச் சீட்டு கிடைக்கும். அதைக் கொண்டு அவர்கள் அதே வீட்டில் தொடர உரிமை உண்டு, அந்த வவுச்சர் நியாயமான சந்தை வாடகை வரைதான் கொடுக்கும். சந்தையைவிட அதிக வாடகை வாங்கிக்கொண்டிருந்த உரிமையாளருக்கு இதில் என்ன இலாபம்? வாடகை எப்படியும் சந்தை அளவுக்கு இறங்குகிறது. கடனோ ஒரு டாலர்கூடக் குறைவதில்லை. எஃப்எச்ஏ கடன் இருக்கும்வரை அதன் ஒழுங்குமுறை உடன்படிக்கையும் நீங்குவதில்லை. கடன் முடியும் தறுவாயில் இருந்து, அக்கம்பக்கம் வேகமாக மதிப்பேறும் இடமாக இருந்தால் ஒழிய, இந்தக் கதவு நம் கதைக்குப் பொருந்தாது.

மிச்சமிருப்பது விற்பனை, தகுதி இழந்த உரிமையாளருக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் வழி இதுதான். உரிமையாளர் தகுதியற்றவர் என்று முடிவானால் கட்டடமும் சேர்ந்து தண்டிக்கப்பட வேண்டியதில்லை; ஹட் ஏற்கும் ஒருவருக்கு அதைக் கைமாற்றுவதை நிபந்தனையாக வைத்து மறுசீரமைப்பைத் தொடரலாம். வாங்குகிறவரும் அதே 516ஆம் பிரிவுச் சோதனைக்கு உட்படுவதால், மைத்துனர் பெயருக்கு மாற்றிவைக்கும் உத்தி பலிக்காது. கட்டடமே செலவுக்குத் தகுந்தபடி செப்பனிட முடியாத நிலையில் இருந்தால் மட்டும் திட்டம் அடியோடு கைவிடப்பட்டு, குடியிருப்பவர்களுக்கு இடம்பெயரும் வவுச்சரும் நியாயமான மாற்றச் செலவும் தரப்படும்.

விற்பனையைத் தோல்வியாகப் பார்க்கும் மனப்பான்மை உரிமையாளர்களிடம் உண்டு. தகுதி உள்ளவர்கள்கூட அதை முதலிலேயே எண்ணிப்பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். குடியிருப்போர் சங்கம், குடியிருப்போரின் ஒப்புதல் பெற்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனம், பொது அமைப்பு ஆகியவற்றுக்குச் சட்டம் முன்னுரிமை தருகிறது. இவர்கள் வாங்கினால் அந்த இரண்டாம் அடமானத்தை ஹட் தளர்த்தலாம், தள்ளுபடி செய்யலாம், அவர்கள் பெயருக்கே மாற்றியும் கொடுக்கலாம். இலாப நோக்கோடு கட்டடத்தை வைத்துக்கொள்ளும் உரிமையாளருக்கு இந்தச் சலுகை கிடையாது. 20 சதவீதப் பழுதுச் செலவுக்குக் கையில் பணமில்லாத, வயதாகிவிட்ட, கூட்டாளிகள் பலர் இறந்துபோய் வாரிசுகளோடு பேச வேண்டியுள்ள உரிமையாளருக்கு, 18.4 லட்சம் டாலர் சுமை வாங்குகிறவர் கையில் கரைந்துபோகக்கூடியது என்பதே விலை பேசும்போது தம் பக்கம் உள்ள பலம். ஆனால் குடியிருப்போரின் ஒப்புதலைத் தேடுவதும் தொண்டு நிறுவனம் நிதி திரட்டுவதும் மாதங்கள் எடுக்கும். எனவே விற்கும் எண்ணம் இருந்தால், தகுதி மறுக்கப்பட்ட கடிதம் வந்த பிறகு அல்ல, மறுசீரமைப்புக் கோரிக்கையை அனுப்பும்போதே அதைச் சேர்த்து எழுத வேண்டும். திட்டத்தின் சட்ட அதிகாரம் காலவரையறை உள்ளது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பலமுறை நீட்டித்தது என்பதால், தம் ஒப்பந்தம் முடியும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.